பாதையை விட்டு இறங்காதவள்

“மச்சான், எங்க வேணுமெண்டாலும் போகலாமெண்டுதானே இந்தக் கேமைச் செய்திருக்கிறாங்கள்! நீயேன் பஸ் மாதிரி ரோட்டிலேயே போறாய்?”

ஜெராட்டுக்குப் பொறுமை போய்விட்டது. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, போன மாதம்தான் பாப்பாமோட்டைக்குக் குடிவந்தவன். பக்கத்து வீட்டுக்கு அவன் தூக்கிவந்த மடிக்கணினியும் அவனுடையதுதான்.

அந்த வீட்டுச் சாந்தரூபன் மவுசை விடவில்லை. திரையில் காடு, கோட்டை, பறக்கும் பூதங்கள். அவனுடைய வீரனுக்குப் பின்னால் வில்லோடு ஒரு பெண் வந்தாள். அவளுக்கு அவன் வைத்த பெயர் கிருஷாந்தினி.

“அங்க புதையல் பெட்டி! அவளை அனுப்படா.”

“ஏலாது. அவள் ரோட்டிலதான் நிப்பாள்.”

“ஓ... உன்ர ஆளின்ர பேரோ?”

சிரித்தபடியே ஜெராட் மவுசைப் பறித்து அழுத்தினான். அவள் இடுப்பளவு புல்லுக்குள் இறங்கினாள்.

“வேண்டாமடா! கூப்பிடு அவளை!”

சாந்தரூபன் கத்திய கத்தலில், குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அவன் தாய் ஜெயகௌரி ஓடிவந்தாள்.

அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் பாதைக்குத் திரும்பியிருந்தாள்.

“பார், ஒண்டும் நடக்கேல்ல! கேமுக்குப் போய் ஏனடா அழுறாய்?”

“அது என்ர தங்கச்சியின்ர பேர். சண்டை முடிஞ்சு நாங்கள் இங்க திரும்பி வந்த முதல் கிழமை, விறகு பொறுக்கப் புல்லுக்குள்ள இறங்கினவள். கண்ணிவெடி.”



ஜெயகௌரி திரைக்குக் கிட்ட வந்து, அதில் நின்றவளையே பார்த்தாள். பிறகு ஜெராட்டிடம் திரும்பினாள்.

“தம்பி, இன்னொருக்கா அவளைத் திரும்பி வரப் பண்ணுவியோ?”