நீல நிறக் கை

அவள் அந்தச் சின்னக் கையைப் பிடித்து நீல வண்ணத்தில் தோய்த்தாள். தாளில் வைத்து அழுத்தினாள். அடியில் பெயர் எழுதினாள்.

ஆத்விக்.

மறுபடியும் அதே கை. வேறு தாள்.

சம்யுக்தா.

கை ரோஷினியுடையது. ஆயா தனத்தின் மகள். பள்ளியின் வருகைப் பதிவில் அவள் பெயர் கிடையாது. அம்மா வேலை முடிக்கும்வரை செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கையைக் கொடு என்றால் கொடுப்பாள்.

காலையில் பிள்ளைகள் தாங்களேதான் வண்ணத்தை அள்ளி அப்பினார்கள். தாளில், மூக்கில், முட்டியில். ஒருவன் நாக்கில்கூட. ஒரே சிரிப்பு. அவள் மழலையர் பள்ளிக்கு ஆசிரியையாக வந்ததே அந்தச் சிரிப்புக்காகத்தான்.

பள்ளியை நடத்தும் மேடம் எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கண்றாவியையா பேரன்ட்ஸ்கிட்ட காட்டப்போறீங்க?"

எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயிற்று.

வாசல் பலகையில் கொட்டை எழுத்து: குழந்தைகள் தாங்களே செய்து கற்கும் பள்ளி.

தூ.

துப்பத்தான் தோன்றியது. துப்பவில்லை. அடுத்த பெயரை எழுதினாள். தன்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது.

தாள்கள் முடிந்தன. ரோஷினி விரித்த கையை மடக்கவில்லை.

"எனக்கு, மிஸ்?"

"பேப்பர் தீந்துபோச்சுடா கண்ணு."

அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. சாவி மேடத்திடம்.

மாலையில் பெற்றோர் வந்தார்கள். சம்யுக்தாவின் அம்மாவுக்குத் தாளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, என் பட்டுக் கை!"

காய்ந்திருந்த நீலத்தில் முத்தமிட்டாள். இன்னொரு முறையும். மேடம் பக்கத்தில் நின்று பூரித்துப்போனார்.

அவள் அந்த அம்மாவின் முன்னால் போய் நின்று, செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த ரோஷினியைக் காட்டினாள்.

"அது உங்க பொண்ணு கை இல்லைங்க. இங்க இருக்கற எல்லாமே அந்தப் பாப்பா கைதான். எங்க ஆயாம்மா பொண்ணு."

நாளை முதல் வேலை இருக்காது. போகட்டும்.

மேடத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அந்த அம்மாவையே பார்த்தாள். இப்போது கத்துவாள். மேடத்தைக் கிழித்துத் தொங்கவிடுவாள். என் பிள்ளை செய்தது எங்கே என்று கேட்பாள்.

அந்த அம்மா ரோஷினியை மேலும் கீழும் பார்த்தாள்.

ரோஷினி அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த அம்மா கைப்பையைத் திறந்தாள். வெட் டிஷ்யூ ஒன்றை உருவினாள். உதட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.