பிரேக் விளக்கின் ஃபியூஸ்

பிரேக்கை மிதித்தால் ஃபியூஸ் போய்விடுகிறது. எங்கள் பழைய காரில் மூன்று வாரமாக இதே கதை. வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை; எலக்ட்ரீஷியன் இருதயராஜ்தான் வீட்டுக்கு வந்தார். ஒயரைப் பின்தொடர்ந்து வந்தவர் பின் இருக்கையைத் தூக்கினார்.

அந்த இருக்கையில் கால்களை மடக்கி உட்கார்ந்துதான் என் மகள் பூங்கோதை சின்ன வயதில் பள்ளிக்கூடம் போவாள். சாத்தூர்க்காரரான ஓட்டுநர் செவத்தையா கண்ணாடியில் பார்த்து, "கொலுசுச் சத்தமே கேக்கலையே, தூங்கிட்டீங்களா தாயி?" என்பார். அவள் வேண்டுமென்றே காலை உதறிச் சிரிப்பாள்.

"ஆப்புட்டிருச்சுய்யா! ஒயர் தோலு உரிஞ்சிருக்கு. இது மேல கிடந்து தகரத்தோட ஒட்டியிருக்கு."

இருதயராஜ் கையில் கறுத்துப்போன ஒற்றைக் கொலுசு.

இதைத் திருடியதாகச் சொல்லித்தான் பத்தொன்பது வருடங்களுக்கு முன் செவத்தையாவை வேலையைவிட்டு அனுப்பினேன். "வண்டிக்குள்ள ஒருதரம் தேடிப் பாருங்கய்யா" என்று கெஞ்சினார். சொன்ன சொல்லை நான் மாற்றியதில்லை.

இருதயராஜ் ஒயரில் டேப் சுற்றிப் புது ஃபியூஸ் போட்டார். "இனி எம்புட்டுத் தூரம்னாலும் போலாம்."

"சாத்தூர் வரைக்கும்?"

"அங்க யாருய்யா இருக்கா?"

கொலுசை வேட்டி முனையில் துடைத்தேன். கறுப்பு போகவில்லை. அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாவியைக் கேட்டேன்.