பச்சைக் குடம்

தண்ணீர் லாரிக்காக நின்ற குடங்களின் வரிசையில், தன் குடத்துக்கு முன்னால் ஆளில்லாமல் ஒரு பச்சைக் குடம் இருப்பதை ரெஜினா பார்த்தாள்.

“யாருதுக்கா இது?”

“தெரியலடி. ஓரமா தூக்கி வச்சிடாத, சண்டைக்கு வருவாங்க. அப்படியே நகர்த்திக்கிட்டுப் போ,” என்றாள் எதிர்வீட்டுச் சரளா.

வீட்டுக்கு ஒரு குடம்தான் என்பது தெருவின் கட்டுப்பாடு. வரிசை நகர நகர, ரெஜினா தன் குடத்தோடு அதையும் காலால் தள்ளிக்கொண்டே போனாள். லாரிக்காரர் யாரையும் கேட்காமல் பச்சைக் குடத்தில் குழாயை விட்டார். அது நிறைந்ததும் லாரியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

எல்லோரும் கலைந்துபோனார்கள். தளும்பத் தளும்ப அந்தக் குடம் மட்டும் நடுத்தெருவில் நின்றது. ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். காய்ச்சலில் கிடந்த மகள் மறுபடியும் தண்ணீர் கேட்டாள்.

வெயில் ஏறியும் குடத்தைத் தேடி யாரும் வரவில்லை. ரெஜினா சொம்போடு இறங்கிப்போய்க் குனிந்தாள். தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. முதலில் வந்தது சரளாவின் குரல்தான்.

“அப்ப ரெண்டும் உன் குடம்தானாடி?”