ஆறு கிலோ

நர்ஸ் எண்ணை உரக்க வாசித்தாள். பத்து வாரத்தில் ஆறு கிலோ. எடை குறைக்கும் போட்டியில் லிசியாதேதான் முதல்.

தேவாலயக் கூடம் கைதட்டியது. தராசிலிருந்து இறங்கியவன் தலையைக் குனிந்துகொண்டான். என்ன அடக்கம் என்று போதகர் மெச்சினார்.

“மெலிஞ்சது உன் சட்டைக்குத் தெரியுமாடா?” என்றான் பின்வரிசையிலிருந்து அவன் மச்சான்.

கூடமே சிரித்தது. லிசியாதேயும் சிரித்துவைத்தான். காது மடல் சுட்டது.

தினமும் விடியற்காலையில் அவன் நடக்கக் கிளம்பியது உண்மைதான். ஊர்க்கண்ணில் படும் தூரம்வரை கைவீசி நடப்பான். படகுத்துறைக் கடை வந்ததும் உட்கார்ந்துவிடுவான். சுடச்சுடப் பொரித்த மாவுருண்டை ஐந்தாறு, சீனி அள்ளிப் போட்ட தேநீர். பரிசுச் சைக்கிள் மேல் ஆசைதான். அதைவிட, மச்சானிடம் ஜெயித்துக் காட்டுவதாகச் சவால் விட்டிருந்தான்.

இரண்டாவதாக வந்த லோசாலினே அவனிடம் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. கணவனைச் சர்க்கரை நோய்க்குப் பறிகொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க தெனம் நடந்து போறதப் பாத்துத்தாண்ணே நானும் எந்திரிச்சேன். இல்லன்னா அவரு போன எடத்துக்கே போயிருப்பேன். இப்ப சர்க்கரை எறங்கிருச்சு. கால எடுக்க வேணாம்னுட்டாங்க.”

சைக்கிளை அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று போதகரிடம் முணுமுணுத்தான். அதற்கும் கைதட்டினார்கள், முன்னைவிடப் பலமாக.

அவள் சைக்கிள் வேண்டாம் என்றுவிட்டாள். தன்னால் பள்ளிக்கூடம் வரைதான் போக முடிகிறது, நாளையிலிருந்து அவனோடு படகுத்துறை வரைக்கும் நடக்கலாமா என்று கேட்டாள்.

வா என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

படகுத்துறைக் கடையைப் பற்றிக்கூட என்றாவது அவளிடம் சொல்லிவிடலாம். முதல் எடை பார்த்த நாளைப் பற்றிச் சொல்லவே முடியாது.

அன்று அவள் கணவனை அடக்கம் செய்துவிட்டு நேரே இந்தக் கூடத்துக்குத்தான் வந்தான். தீவு வழக்கப்படி, துக்கத்துக்கு உடுத்தும் பெரிய பாயை இடுப்பில் சுற்றியிருந்தான். அதை அவிழ்க்கச் சொல்ல நர்ஸுக்கு மனம் வரவில்லை. பாயின் எடையை மட்டும் உத்தேசமாகக் கழித்துக்கொண்டாள்.

பாய்க்குள்ளே, மீன்வலையிலிருந்து கழற்றிய ஈயக்குண்டுகளைக் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தான்.

கல்லறை ஓரத்தில் லோசாலினே அவன் தோளில் சாய்ந்து அழுதபோதும் அவை அவன் இடுப்பில்தான் இருந்தன.