முப்பது சதவீதத் தழும்பு

அந்தக் கண்ணாடித் துண்டின் எண் பதினான்கா, நாற்பத்தொன்றா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கம்பாலா ஆய்வகத்தில், நோயாளிகளின் இதயத்திலிருந்து கிள்ளியெடுத்துக் கண்ணாடியில் ஒட்டிய திசுத் துணுக்குகளுக்குச் சாயமேற்றுவது என் வேலை. சாயமேற்றினால் இதயத் தசை சிவப்பாகவும், தழும்பு நீலமாகவும் தெரியும்.

டாக்டர் செக்காண்டி, டாக்டர் நகிமுலி இருவரில் அறிக்கைகளில் கையெழுத்திடப்போவது யார் என்பது அன்று முடிவாக வேண்டும்.

செக்காண்டி நுண்ணோக்கியில் பார்த்து, "தழும்பு பத்து சதவீதம்" என்றார். அதே துண்டுக்குப் போன மாதம் போட்ட அளவை அச்சிட்ட சீட்டில் நீட்டினேன். நகிமுலியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"முப்பதா? ஏன் அம்மணி, சாயக் கறையையும் சேத்து எண்ணிட்டீங்களா? முதல்ல ஒரு மூக்குக்கண்ணாடி வாங்குங்க!"

நகிமுலி கேட்டார்: "இப்படி எண்ணுறவங்க கையெழுத்துப் போடலாமா?"

"கூடவே கூடாது!"

"சீட்டைத் திருப்பிப் பாருங்க ஐயா" என்றார் நகிமுலி.

பின்பக்கத்தில் செக்காண்டியின் கையெழுத்து இருந்தது. துண்டின் எண்ணை மறைத்து, ஒரே துண்டை ஒருவரிடமே இரண்டு முறை கொடுத்துச் சோதிப்பது எங்கள் வழக்கம். நகிமுலி இரண்டு முறையும் இருபது என்றே எழுதியிருந்தார்.

இப்போது நகிமுலி கையெழுத்திடுகிறார். செக்காண்டி மூக்குக்கண்ணாடி அணிகிறார். அந்த இதயத்துக்குச் சொந்தக்காரி சந்தையில் வாழைத்தார் விற்கிறாள். தழும்பு எத்தனை சதவீதம் என்று அவள் கேட்டதே இல்லை.