சொல்லாத பேர்

அயர்லாந்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், வயதான நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட நர்மதாவுக்கு நாக்கு எழவில்லை. எல்லோரும் 'அங்கிள்'தான்.

"அவருக்கு ஒரு பேர் இருக்கு. அதைச் சொல்லு" என்று மூத்த நர்ஸ் கண்டித்தாள். பழக ஒரு வருஷமானது.

இப்போது எதிரே படுத்திருந்தவருக்கு எழுபது வயது. ஆபரேஷன் முடிந்து வெகுநேரமாகியும் கண் திறக்கவில்லை. நர்மதா தோளைத் தட்டினாள்.

"கலியமூர்த்தி! கண்ணைத் திறங்க, கலியமூர்த்தி!"

"அடியே, மாமனார் பேரையா சொல்றே?" கையைப் பிடித்து இழுத்தாள் மாமியார் ஜெகதாம்பாள்.

லீவில் அரியலூர் வந்திருந்தபோதுதான் மாமனாருக்கு இந்த ஆபரேஷன்.

"மாமா, அப்பான்னு எல்லாரும் கூப்பிட்டுப் பாத்தாச்சு அத்தே. மயக்கத்துல சொந்தப் பேருதான் சீக்கிரம் காதுல விழும்."

பெரியவரின் இமை அசைந்தது.

"இன்னொரு தடவ கூப்பிடும்மா" என்றாள் ஜெகதாம்பாள்.

"நீங்க கூப்பிடுங்க. உங்க குரல்தான் அவருக்குப் பழக்கம்."

ரேஷன் கடையில்கூடப் புருஷன் பேரை அடுத்தவரை விட்டுச் சொல்ல வைத்தவள் ஜெகதாம்பாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"கலியமூர்த்தி..."

அவர் கண் திறந்தார். "யாரு என் பேரைச் சொன்னது?"

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள் ஜெகதாம்பாள்.

"உங்க மருமவதாங்க."