புதருக்குள் ஒரு பறவை

வேலமரத்துக் கரிச்சான் கதை சொன்னால் தவிட்டுக்குருவிகள் இரை தேடுவதையும் மறந்துவிடும். பருந்து, கிளி, பூனை என்று கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் அது தனிக் குரல் கொடுக்கும். பக்கத்துப் புதரில் வாழும், ஒற்றைக் குரலே வாய்த்த செம்போத்துக்குக் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது.

"எல்லாம் இரவல் குரல்" என்று குருவிகளிடம் சொல்லிப் பார்த்தது.

"அது இருக்கட்டும், கண்ணு ஏன் அண்ணே இப்படிச் சிவந்திருக்கு?"

"பொறவியிலேயே அப்படித்தான்."

அன்று கரிச்சான் புதுக்கதை ஒன்று சொன்னது. புதருக்குள் ஒரு பறவை. அடுத்தவர் பாட்டை வெளியே ஏசும், யாரும் இல்லாதபோது அதையே பாடிப் பார்க்கும், வராமல் அழும். குருவிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

கூட்டம் கலைந்ததும் செம்போத்து பாய்ந்து வந்தது. "ஏண்டா, புதருக்குள்ள எட்டிப் பார்த்தியா? என் மானத்தை வாங்கிட்டியே."

கரிச்சான் விழித்தது. "உங்க மானமா? அண்ணே, அது நான். குயில் பாட்டைக் கேட்ட நாள்லேருந்து என் பொழப்பே அதுதான். வெளியே சொல்ல வெட்கமா இருந்துச்சு, அதான் ஒரு பறவையை ஜோடிச்சேன். ஆமா, நீங்க ஏன் பதறுறீங்க?"

செம்போத்து புதருக்குப் பறந்து போனது. அந்தப் பொறாமையாவது தனக்கே தனக்கானது என்று அது அதுவரை நம்பியிருந்தது.